உட்கார வைத்த பிள்ளைகள்

“ரொம்ப சமர்த்து, வெச்ச இடத்துல இருப்பா.” கல்யாண வீட்டில் ஒரு குழந்தைக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்காது. ஓடுகிற பிள்ளைக்கு வாலு, குரங்கு என்று பட்டம். நம் வீட்டுப் பேச்சே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி. பிள்ளைகள் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் உடனே எல்லோரும் போனைத்தான் திட்டுகிறார்கள். போனின் பங்கு பெரியதுதான், ஆனால் பெரும்பாலான மணி நேரங்களுக்குப் பிள்ளையை உட்கார வைப்பவர்கள் நாம்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நகரத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, காலை 6 மணிக்கு எழுந்து இரவு 9.30க்குப் படுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விழித்திருப்பது பதினைந்தரை மணி நேரம். பள்ளி வேன் போக வர ஒன்றரை மணி. 40 நிமிடம் வீதம் 8 பீரியட், 5 மணி 20 நிமிடம். மதியச் சாப்பாடு 20 நிமிடம். டியூஷன் ஒன்றரை மணி. வீட்டுப்பாடம் ஒரு மணி. டிவியும் போனும் சேர்த்து ஒன்றரை மணி. வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு 40 நிமிடம். கூட்டினால் 11 மணி 50 நிமிடம் வருகிறது. இதில் ஸ்கிரீன் ஒன்றரை மணிதான். போனை முழுதாகப் பிடுங்கி அலமாரியில் பூட்டினாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது.

‘உட்கார்ந்திருத்தல்’ என்று ஆய்வுகளில் சொல்வதற்குத் திட்டமான பொருள் உண்டு. விழித்திருக்கும்போது, உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, முழு ஓய்வில் செலவாகும் சக்தியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் செலவாகாமல் இருக்கும் நிலை. தூக்கம் இதில் சேராது. நிற்பதும் சேராது. ‘உடற்பயிற்சி போதவில்லை’ என்பதும் இதுவும் வேறு வேறு. காலை ஆறு மணிக்கு பேட்மிண்டன் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, மீதி நாளில் பதினொரு மணி நேரம் உட்காரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் கணக்கில் அவர்கள் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று பெற்றோர் நினைக்கும் இடம் இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு, வார சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது. அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் குதித்தல், ஏறுதல் போன்றவை இருக்க வேண்டும். உட்காரும் நேரத்துக்கு மட்டும் அது எண்ணிக்கை எதுவும் கொடுக்கவில்லை. ‘குறையுங்கள், குறிப்பாகப் பொழுதுபோக்கு ஸ்கிரீனை’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. இத்தனை மணிக்கு மேல் ஆபத்து என்று கோடு கிழிக்கச் சான்று போதவில்லை என்பதே காரணம். ‘நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் ஆபத்து’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை அதனால் நம்ப வேண்டியதில்லை. கனடா 2016இல் 5 முதல் 17 வயதினருக்குப் பொழுதுபோக்கு ஸ்கிரீன் 2 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று எண் சொன்னது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 வயதுக்குள் ஸ்கிரீனே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி, 5 முதல் 10 வரை 2 மணிக்குள் என்கிறது.

சரி, உட்கார்ந்தால் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? தொடையும் புட்டமும் உடம்பின் பெரிய தசைகள். அவை சுருங்கி விரியும்போது, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்தவுடன் அந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடும். அதே சர்க்கரையைச் சமாளிக்கக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டிவரும். அமெரிக்காவில் 7 முதல் 11 வயதுக் குழந்தைகளை ஒரு நாள் மூன்று மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார வைத்தார்கள். இன்னொரு நாள் அதே மூன்று மணி, ஆனால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை 3 நிமிட நடை. நடந்த நாளில் சர்க்கரையும் இன்சுலினும் குறைவாக இருந்தன. 2015இல் வெளியான இந்தச் சோதனை சிறியது, ஒரு நாள் விளைவைத்தான் காட்டுகிறது. ஆனாலும் அதில் இருக்கும் செய்தி வீட்டுக்கு ரொம்பப் பயன்படும்: மொத்த நேரத்தைக் குறைக்க முடியாவிட்டால், அதை நறுக்குங்கள்.

தரையில் உட்காருவதும் நாற்காலியில் உட்காருவதும் ஒன்றா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த வேட்டைச் சமூகத்துப் பெரியவர்களும் நாளுக்குக் கிட்டத்தட்ட 10 மணி நேரம் ஓய்வாகத்தான் இருக்கிறார்கள் என்று கண்டது. ஆனால் அவர்கள் குந்தியும் மண்டியிட்டும் இருப்பதால் கால் தசை நாற்காலியில் இருப்பதைவிட அதிகம் வேலை செய்கிறது. சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, கை ஊன்றாமல் எழுந்து, தட்டைக் கழுவப் போகும் பிள்ளைக்குச் சின்ன லாபம் இருக்கிறது. டைனிங் டேபிளை விற்றுவிடச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தில் பாதியாவது தரையில் நடக்கட்டும் என்கிறேன்.

டிவிக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பில் பலரும் தவறவிடும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் 4 முதல் 7 வயதுக்குள், எடை சற்றுக் கூடுதலான 70 குழந்தைகளின் வீட்டு டிவியிலும் கணினியிலும் நேரத்தை எண்ணும் கருவியைப் பொருத்தினார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பார்க்கும் நேரத்தைப் படிப்படியாகப் பாதியாக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய உயரத்துக்கேற்ற எடை மற்றவர்களைவிட மேம்பட்டது. ஆனால் டிவி நேரம் குறைந்ததால் அந்தக் குழந்தைகள் கூடுதலாக ஓடவில்லை. குறைவாகத் தின்றார்கள், அவ்வளவுதான். ஸ்கிரீன் முன்னால் உட்காரும்போது கையில் ஒரு பாக்கெட் இருக்கிறது. வயிறு நிறைந்ததை மூளை கவனிப்பதில்லை.

இதை நம் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். யூடியூபில் பாட்டு ஓட, வாய் திறக்கும் நேரம் பார்த்து ஒரு கவளம் தள்ளும் முறைதான் இன்று ஊரெங்கும். நிலா காட்டிச் சோறு ஊட்டிய காலத்தில் குழந்தை இடுப்பிலாவது இருந்தது, தலையைத் திருப்பி ‘போதும்’ என்று சொல்ல முடிந்தது. இதை நிறுத்துவதற்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். குழந்தைக்கு நன்றாகப் பசிக்கும் ஒரு வேளையை எடுத்துக்கொண்டு அதில் மட்டும் போன் இல்லை என்று வையுங்கள். வீட்டில் யார் கையிலும் இல்லை, தாத்தா கையிலும் இல்லை. முதல் சில நாள் பாதிதான் சாப்பிடும். இங்கேதான் பாட்டி மனம் தாங்காமல் போனை எடுத்துக் கொடுப்பார். அழுதால் கிடைக்கும் என்ற பாடம் அன்றைக்குப் பதிந்துவிடும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை வரை இடையில் பிஸ்கட், பால் வேண்டாம். ஒரு வேளை பழகிய பிறகு அடுத்த வேளை. ஏற்கெனவே எடை குறைவான குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மனநலத்துக்கு வருவோம். இங்கே வார்த்தைகளை எண்ணித்தான் போட வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 92இல் பிறந்த பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் 4,257 பேருக்கு 12, 14, 16 வயதுகளில் இடுப்பில் அசைவை அளக்கும் சிறு கருவி கட்டி, 18 வயதில் மனச்சோர்வு அறிகுறிகளை அளந்தார்கள். முடிவு 2020இல் வந்தது. 12 வயதில் நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு 18 வயதில் மனச்சோர்வு மதிப்பெண் 11.1 சதவீதம் கூடுதல். அதே 12 வயதில் மெதுவான அசைவு, அதாவது சும்மா நடப்பது, வீட்டு வேலை செய்வது ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தவர்களுக்கு 9.6 சதவீதம் குறைவு. வியர்க்க விறுவிறுக்க ஓட வேண்டியதில்லை, கடைக்குப் போய்க் கொத்துமல்லி வாங்கி வருவதுகூடக் கணக்கில் சேர்கிறது.

ஆனால் இது தொடர்பு. காரணம் இதுதான் என்று நிரூபணமாகிவிடவில்லை. மனம் சோர்ந்த பிள்ளை அறையை விட்டு வெளியே வராது, அதனாலும் உட்காரும் நேரம் கூடும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். அதனால் திடீரென்று விளையாடப் போவதை நிறுத்திவிட்ட, நண்பர்களைத் தவிர்க்கும் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் ‘சோம்பேறி, எந்திரிச்சு ஓடு’ என்று கத்துவது தப்பான மருந்து. அங்கே முதலில் கேட்க வேண்டியது என்ன நடந்தது என்பதைத்தான்.

எல்லா உட்காரலும் ஒரே ரகம் இல்லை என்பதும் முக்கியம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், டிவி நேரம் கூடக்கூட உடல் எடை, தன்மதிப்பு, மதிப்பெண் எல்லாம் மோசமாவதையும், கதைப் புத்தகம் வாசித்தும் வீட்டுப்பாடம் செய்தும் உட்காருகிறவர்களுக்குப் படிப்பு நன்றாக இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். பல்லாங்குழி ஆடுவதும் உட்கார்ந்துதான், சதுரங்கமும் உட்கார்ந்துதான். இவற்றைப் பறிக்க வேண்டாம். உட்காருதல் எதை இடம்பெயர்க்கிறது என்று பாருங்கள்: தூக்கத்தையா, வெயிலையா, கூட்டாளிகளையா?

வெயில் என்றதும் கண்ணைச் சொல்லாமல் போக முடியாது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பள்ளி நேரத்திலேயே தினம் 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பு சேர்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அந்தப் பள்ளிகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5. பிரகாசமான வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது, அது கண்விழி நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்பதே இப்போதைக்கு முன்னணி விளக்கம். நன்றாக விளக்குப் போட்ட அறையில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். பகலில் மர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ். ஆகவே மொட்டை வெயிலில் நிறுத்த வேண்டாம், வேப்பமர நிழல் போதும். ஆனால் ஜன்னல் ஓரம் போதாது. சித்திரை, வைகாசியில் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? ஒரு தாளில் ஏழு நாளுக்கு ஏழு வரிசை போடுங்கள், எழும் நேரத்திலிருந்து படுக்கும் வரை அரை மணிக்கு ஒரு கட்டம். பெரும்பகுதி உட்கார்ந்த கட்டத்தில் ‘உ’, நின்றோ நடந்தோ கழித்ததில் ‘ந’, ஓடியதில் ‘ஓ’. ஸ்கிரீன் இருந்தால் மேலே ஒரு புள்ளி. பிள்ளையே நிரப்பட்டும். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், திட்டவும் திட்டாதீர்கள்; திட்டினால் தாள் பொய் சொல்லும். வாரம் முடிந்ததும் ‘உ’ தொடர்ச்சியாக நாலு கட்டத்துக்கு மேல் போகும் இடங்களுக்கு வட்டம் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் வட்டம் விழுவது மாலை டியூஷனில் தொடங்கி வீட்டுப்பாடம் வழியாக டிவி வரை நீளும் ஒரே நெடுஞ்சங்கிலியின் மேல். அதைத்தான் உடைக்க வேண்டும்.

வீட்டுப்பாடத்தில் 25, 30 நிமிடத்துக்கு ஒருமுறை 3 நிமிடம். பிள்ளை ஒரு கணக்கின் நடுவில் இருந்தால் அது முடியட்டும்; மணி அடித்தவுடன் எழுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். அந்த 3 நிமிடத்துக்கு வேலை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்: மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்குவது, கொடியில் காய்ந்த துணியை எடுத்து வருவது, ஸ்கிப்பிங் ஐம்பது. தயாராக இல்லை என்றால் கை தானாகப் போனுக்குப் போகும், 3 நிமிடம் முப்பதாகிவிடும். இந்த ஏற்பாடு தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு பாடத்தை நின்றுகொண்டு படிக்கலாம், புத்தகம் வைக்கும் பலகை பிள்ளையின் முழங்கை உயரத்தில் இருந்தால் போதும். தாழ்வாக இருந்தால் கழுத்து வலிக்கும்.

போனில் ஆட்டோப்ளேயை அணைத்துவிடுங்கள். ‘பத்து நிமிஷம்’ என்பதைவிட ‘இந்த ஒரு வீடியோ’ என்பது குழந்தைக்குப் புரியும் எல்லை. இரவில் எல்லோர் போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். 5 முதல் 13 வயதுக்கு 9 முதல் 11 மணி நேரம் தூக்கம் தேவை. அதில் ஒரு மணி போனால் மறுநாள் ஓட உடம்பில் தெம்பு இருக்காது.

கைக்குழந்தைகளுக்கு இரண்டே வரி. ஒரு வயதுக்குள் தள்ளுவண்டியிலோ சாய்வு நாற்காலியிலோ ஒரே தடவையில் ஒரு மணிக்கு மேல் கட்டிவைக்காதீர்கள், விழித்திருக்கும்போது நாளுக்கு மொத்தம் அரை மணியாவது குப்புறப் போடுங்கள். உள்ளே உட்கார வைக்கும் வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா அதன் விற்பனையையே 2004இல் தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு சாதி, அதில் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது.

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது ஊரறிந்த கதை. கடன் போகாத பீரியடிலும் என்ன நடக்கிறது? நாற்பது பிள்ளைகள், ஒரு பந்து. வரிசை, வருகைப் பதிவு என்று பத்து நிமிடம் போய்விடும். கிரிக்கெட் என்றால் களத்தில் 13 பேர், மீதி 27 பேர் திட்டில் உட்கார்ந்து வேடிக்கை. களத்தில் இருப்பவர்களிலும் பாதிப் பேர் சும்மா நிற்பார்கள். அதே மைதானத்தில் சுண்ணாம்பால் ஐந்து சிறு கட்டம் கிழித்து, நாலுக்கு நாலு, ஐந்து பந்து கொடுத்தால் நாற்பது பேரும் ஓடுவார்கள். அவுட்டானவர் வெளியே உட்காரும் ஆட்டங்களில் யார் அதிகம் உட்காருவார்? மெதுவாக ஓடுகிற, யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான். அவுட்டானால் பக்கத்துக் கட்டத்துக்குப் போ என்று விதியை மாற்றினால் போதும். கோ-கோ இந்த விஷயத்தில் கெட்டிக்கார ஆட்டம்: எட்டுப் பேர் குந்தியிருந்தாலும், எந்த நொடியும் எழுந்து பாய வேண்டும்.

மைதானமே இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங்கில் ஒரு தொடக்கப் பள்ளி 2012இல் ஆரம்பித்த பழக்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது: தினம் 15 நிமிடம், சீருடையோடு, வகுப்பு முழுதும் வெளியே வந்து தன் தன் வேகத்தில் ஓடுவது அல்லது நடப்பது. பந்தயம் இல்லை, உடை மாற்றுவதில்லை. 60 மீட்டர் சுற்றளவுள்ள முற்றம் போதும்.

ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுவேன். ‘கிரவுண்டை அஞ்சு சுத்து ஓடு’, ‘நூறு தோப்புக்கரணம் போடு’ என்று தண்டனை. பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணம் முழங்காலுக்கு அருமையான பயிற்சி. அதையே தண்டனையாக்கி, கூடவே ‘குறும்பு பண்ணினா பி.டி. கிடையாது’ என்றும் சொன்னால், ஓடுவது பரிசா அவமானமா என்று பிள்ளைக்கே குழம்பிவிடும்.

பெண் பிள்ளைகளின் கணக்கு தனி. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி உலகெங்கும் 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் தினம் 60 நிமிட அளவை எட்டாதவர்கள் ஆண்களில் 78 சதவீதம், பெண்களில் 85. நம் ஊரில் அந்தச் சரிவு எந்த நாளில் தொடங்குகிறது என்று நமக்கே தெரியும். வயசுக்கு வந்ததும் தெருவில் விளையாட்டு நிற்கிறது, சைக்கிள் நிற்கிறது, மாலையில் கோலம் போடுவதும் படிப்பதும் டிவியும்தான். அறிவுரையால் இது மாறாது, ஏற்பாட்டால்தான் மாறும். பாவாடைக்குப் பதில் பி.டி. நாளில் டிராக் பேன்ட், அளவான விளையாட்டு உள்ளாடை, பள்ளியில் தண்ணீர் வரும் கழிப்பறை, நாப்கின் போடும் தொட்டி, பையன்கள் கூட்டமில்லாத ஒரு நேரம். மாதவிடாய் நாளில் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பது பொய். வலி இருந்தால் அன்று ஓய்வு, இல்லையென்றால் வழக்கம்போல ஆட்டம்.

அபார்ட்மெண்ட்காரர்களுக்கு: ‘பார்க்கிங்கில் பந்து விளையாடக் கூடாது’ பலகையை எடுக்க அசோசியேஷன் சம்மதிக்காது. மாலை 5 முதல் 6.30 வரை மட்டும் ஒரு ஓரத்துக் கார்களை வெளியே நிறுத்தக் கேட்டுப் பாருங்கள், அதற்குச் சில இடங்களில் தலையாட்டுவார்கள்.

கடைசியாக, வீட்டில் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய இரண்டு அறிகுறிகள். தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் அது உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, 140 செ.மீ. பிள்ளைக்கு 70. இன்னொன்று பின்கழுத்து. அங்கேயும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கருமை படர்ந்தால் அது அழுக்கு அல்ல. பயத்தமாவும் எலுமிச்சையும் போட்டு எத்தனை வாரம் தேய்த்தாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். பெரும்பாலும் அது இன்சுலின் வேலை செய்யத் திணறுவதன் அடையாளம். குழந்தை மருத்துவரிடம் காட்டி சர்க்கரையும் கல்லீரலும் பார்க்க வேண்டும். போகும்போது அந்த ‘உ’, ‘ந’, ‘ஓ’ தாளையும் எடுத்துப் போங்கள். “நல்லா விளையாடுவான் டாக்டர்” என்று வாயால் சொல்வதைவிட அது அவருக்கு உதவும்.